குதிரைக் கொம்பும் குதிரைச் சிறகும்

இல்லாத ஒன்றைச் சொல்ல நாம் 'குதிரைக் கொம்பு' என்போம். 1920களின் அமெரிக்கர்கள் அதே குதிரைக்குச் சிறகு ஒட்டிவிட்டார்கள். 'ஹார்ஸ் ஃபெதர்ஸ்' என்றால் அவர்கள் கொச்சையில் பேத்தல், சுத்த உளறல். யாராவது அளந்துவிட்டால் "குதிரைச் சிறகு!" என்று சொல்லி எழுந்து போய்விடலாம். மார்க்ஸ் சகோதரர்கள் 1932ல் பாரமவுண்ட் கம்பெனிக்கு நடித்துக் கொடுத்த நான்காவது படத்துக்கு இதுதான் பெயர். நார்மன் மெக்லியட் இயக்கம். எழுபது நிமிடம்கூட ஓடாது. குதிரை ஒன்று வருகிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பேசும்படம் வந்த முதல் நாலைந்து வருடங்களின் அமெரிக்கச் சினிமா பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. 1931, 32ல் தாதா படம் ஒரு பக்கம் கொட்டுகிறது: லிட்டில் சீசர், பப்ளிக் எனிமி, ஸ்கார்ஃபேஸ். இன்னொரு பக்கம் கல்லூரிக் கால்பந்துப் படம். நோட்டர் டாம் கல்லூரியின் பயிற்சியாளர் நூட் ராக்னி 1931 மார்ச்சில் விமான விபத்தில் இறந்தபோது அப்படியொரு படத்து வேலையாகத்தான் ஹாலிவுட் போய்க்கொண்டிருந்தார். அவர் சாவு தேசிய துக்கம் மாதிரி ஆனது. ஒருவன் துப்பாக்கியோடு சாக்கடையில் விழுந்து சாகிறான், இன்னொருவன் பந்தோடு கோட்டைத் தாண்டிப் போய் விழுகிறான், இருவரையும் ஒரே ஜனம்தான் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறது. இந்த இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டினால் என்ன என்று யாருக்காவது தோன்றாமல் இருக்குமா? இரண்டு பேருக்குத் தோன்றியது, ஒரே வருடத்தில். ஃபாக்ஸ் கம்பெனியின் 'ராக்கெட்டி ராக்ஸ்' ஒன்று. ஜோயல் சேயரின் நாவல், விக்டர் மெக்லாக்லன் நடித்தது. பணம் எங்கே புரளுகிறது என்று பார்த்த தாதா ஒருவன் கால்பந்துக்காகவே ஒரு கல்லூரியைக் கைக்குள் போட்டுக்கொள்ளும் கதை. இன்னொன்று ஹார்ஸ் ஃபெதர்ஸ்.

இரண்டுக்கும் வித்தியாசம் எந்தத் திசையில் நடக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ராக்கெட்டி ராக்ஸில் தாதா கல்லூரிக்குள் வருகிறான். ஹார்ஸ் ஃபெதர்ஸில் கல்லூரித் தலைவர் சாராயக் கடைக்குப் போகிறார். எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. முதலாவதில் வெளியிலிருந்து வந்த அழுக்கு ஒரு நல்ல இடத்தைக் கெடுக்கிறது. இரண்டாவதில் நல்ல இடம் என்று ஒன்று இருந்ததா என்றே சந்தேகம் வந்துவிடுகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதைக்காக யாரும் இந்தப் படத்தைப் பார்ப்பதில்லை. ஹக்ஸ்லி என்று ஒரு கல்லூரி. அதன் எதிரி டார்வின் கல்லூரி. (தாமஸ் ஹக்ஸ்லி நிஜத்தில் டார்வினுக்காகச் சண்டை போட்டதற்காக 'டார்வினின் புல்டாக்' என்று பெயர் வாங்கியவர். பரிணாமம் சொல்லிக்கொடுத்த குற்றத்துக்கு டென்னஸியில் ஓர் ஆசிரியர்மேல் வழக்கு நடந்து ஏழு வருடம்தான் ஆகியிருந்தது. படம் இதை விளக்கவே விளக்காது, பெயரை வைத்துவிட்டு நகர்ந்துவிடும்.) ஹக்ஸ்லிக்குப் புதுத் தலைவராக வருகிறார் பேராசிரியர் குவின்ஸி ஆடம்ஸ் வாக்ஸ்டாஃப், அதாவது கிரௌச்சோ. அவர் மகன் ஃபிராங்க் அதே கல்லூரியில் பன்னிரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறான். மகனாக நடிக்கும் ஸெப்போவுக்கு 31 வயது, அப்பாவுக்கு 41. 1888க்குப் பிறகு இந்தக் கல்லூரிக்கு வருடத்துக்கு ஒரு தலைவர், ஏனென்றால் கடைசியாக மேட்ச் ஜெயித்தது அந்த வருடம்தான் என்கிறான் மகன். ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கவேண்டும், நல்ல ஆட்கள் இரண்டு பேர் ஊருக்குள் ஒரு ரகசியச் சாராயக் கடையில் கிடைப்பார்கள் என்றும் சொல்கிறான். ஒரு கல்லூரித் தலைவரைப் பார்த்துச் சாராயக் கடைக்குப் போகச் சொல்கிறாயா, அதுவும் விலாசம்கூடத் தராமல் என்று அப்பா கோபப்படுகிறார்.

அங்கே போய் அவர் வாங்கிக்கொண்டு வருவது தவறான இரண்டு பேரை. ஒருவன் பராவெல்லி (சிக்கோ), ஐஸ் கட்டி போடுகிற சாக்கில் கள்ளச்சரக்கு விற்பவன். இன்னொருவன் பிங்க்கி (ஹார்ப்போ), நாய் பிடிக்கிறவன், வாயே திறக்கமாட்டான். நிஜ ஆட்டக்காரர்களை ஜென்னிங்ஸ் என்ற சூதாட்டத் தாதா ஏற்கெனவே டார்வினுக்காக வளைத்துப் போட்டுவிட்டான், டார்வின்மேல் பணம் கட்டியிருக்கிறான். அவனுக்குக் கையாளாக கோனி பெய்லி (தெல்மா டாட்), ஹக்ஸ்லியின் ஆட்டச் சங்கேதங்களைக் கறந்து தரவேண்டியவள். அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் ரகளை.

இவர்களில் சிலர் 1910 வாக்கிலேயே 'ஃபன் இன் ஹை ஸ்கூல்' என்ற மேடைத் துணுக்கில் வகுப்பறையைக் கலாட்டா பண்ணி ஊர் ஊராகப் பிழைத்தவர்கள். கிரௌச்சோதான் அதில் வாத்தியார். இந்தப் படத்தில் உயிரியல் வகுப்பு ஒன்று வருகிறது. இருக்கிற பேராசிரியரைத் துரத்திவிட்டு ரத்த ஓட்டத்தைப் பற்றி கிரௌச்சோ பாடம் எடுக்கப்போய், கடைசியில் வாத்தியாரும் மாணவர்களும் குழலில் பட்டாணி வைத்து ஊதிச் சண்டை போடுவதில் முடிகிறது. பழைய மேடைச் சரக்கின் வாசனை அதில் அப்படியே அடிக்கும். நல்ல காட்சிதான். ஆனால் எந்தக் காலத்திலும் எந்த வகுப்பறையிலும் வைக்கக்கூடிய காட்சி. 1932ஐத் தொடுகிற காட்சிகள் வேறு.

முதலில், பதவியேற்பு விழா. தாடி வைத்த பேராசிரியர்கள் அங்கியும் சதுரத் தொப்பியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது புதியவர் மேடையிலேயே நின்று முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறார். எதுவாக இருந்தாலும் அதற்கு நான் எதிரி என்று ஒரு பாட்டுப் பாடுகிறார், மொத்தத் தாடிகளும் பின்னால் ஆடுகின்றன. பாட்டு எழுதியவர்கள் பெர்ட் கால்மரும் ஹாரி ரூபியும். வசனத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு, கூடவே எஸ். ஜே. பெரல்மன், வில் ஜான்ஸ்டன். இதைப் பார்த்துவிட்டுத்தான் நிறையப் பேர் 'மார்க்ஸ் பிரதர்ஸ் என்றால் கலகம், அதிகாரத்துக்கு எதிர்ப்பு' என்று எழுதினார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று தோன்றுகிறது. கவனித்துப் பாருங்கள், எதிர்ப்பவர் யார்? தலைவர். எல்லாவற்றையும் எதிர்க்கிறேன் என்று பாடுகிறவரின் கையில்தான் எல்லா அதிகாரமும் இருக்கிறது. கீழே உட்கார்ந்திருப்பவன் பாடினால் கலகம், மேலே இருப்பவன் பாடினால் அது நிர்வாகம். தாடிகள் கூச்சமே இல்லாமல் சேர்ந்து ஆடுகிறார்களே, அந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒருவராவது எழுந்து வெளியே போகவேண்டாமா? ம்ஹூம்.

அடுத்தது, நான் மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்த இடம். வாக்ஸ்டாஃப் தன் அறையில் இரண்டு பேராசிரியர்களிடம் விசாரிக்கிறார். நமக்கு ஸ்டேடியம் இருக்கிறதா? இருக்கிறது. கல்லூரி இருக்கிறதா? இருக்கிறது. இரண்டையும் வைத்துச் சமாளிக்க முடியாது, நாளையிலிருந்து கல்லூரியை இடிக்க ஆரம்பிக்கிறோம். ஐயோ, மாணவர்கள் எங்கே தூங்குவார்கள் என்று அவர்கள் பதற, எப்போதும் தூங்குகிற இடத்தில்தான், வகுப்பறையில் என்கிறார். அரை நிமிடம்கூட இருக்காது. வகுப்பறை இடிபடப்போகிற கட்டடத்துக்குள்தானே இருக்கிறது என்று யோசித்து முடிப்பதற்குள் படம் அடுத்த ஜோக்குக்குப் போய்விடும்.

இது எவ்வளவு தூரம் கற்பனை என்று தேடிப் பார்த்தேன். 1929 அக்டோபரில், பங்குச்சந்தை சரிந்த அதே வாரத்தில், கார்னகி அறக்கட்டளை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. ஹோவர்ட் சாவேஜ் தலைமையில் தயாரானது. 112 கல்லூரிகளில் 81ல் ஆட்டக்காரர்களுக்கு ஏதோ ஒரு வகையில் காசு போகிறது என்று அது சொன்னது. சில இடங்களில் நேரடிச் சம்பளம், சில இடங்களில் பழைய மாணவர்கள் ரகசியமாகச் சேர்த்த நிதி, சில இடங்களில் வேலைக்கே போகவேண்டாத வேலை. இவர்கள் யாரும் தாதாக்கள் இல்லை. வக்கீல்கள், வங்கிக்காரர்கள், கல்லூரி நிர்வாகிகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிறவர்கள். அந்த அறிக்கையைப் படித்தால் வாக்ஸ்டாஃபுக்கும் மற்ற தலைவர்களுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் தெரிகிறது. மற்றவர்கள் ஆள் அனுப்பி வாங்கினார்கள், இவர் நேரில் போனார்.

எதிர்த்திசையில் போன ஒரே பெரிய உதாரணம் சிகாகோ பல்கலைக்கழகம். ராபர்ட் ஹட்சின்ஸ் 30 வயதில் அதன் தலைவராக வந்தவர், 1939ல் கால்பந்தையே நிறுத்திவிட்டார். ஸ்டேடியம் சும்மா கிடந்தது. அந்த ஸ்டாக் ஃபீல்டின் மேற்குப் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே இருந்த ஓர் ஆட்டக்கூடத்தில்தான் 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மி குழு முதல் அணுத் தொடர்வினையை நடத்திக்காட்டியது. ஸ்டேடியத்தையும் கல்லூரியையும் சேர்த்து வைக்க முடியாது என்று ஒரு நிஜத் தலைவர் முடிவெடுத்தால் என்னவெல்லாம் நடக்கும் பாருங்கள். இதைப் படமாக எடுத்திருந்தால் நம்பியிருக்கமாட்டோம்.

சரி, சாராயக் கடைக்கு வருவோம். அமெரிக்காவில் 1920 ஜனவரியிலிருந்து மதுவிலக்கு, 1933 டிசம்பரில்தான் முடிந்தது. படம் வந்த 1932 ஆகஸ்டில் அல் கபோன் வருமான வரி வழக்கில் சிறைக்குள் இருக்கிறான், ஆனால் ஊர் முழுக்கக் கதவில் சின்னச் சதுர ஓட்டை வைத்த கடைகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. கடைக்குள் நுழைய ரகசியச் சொல் வேண்டும். இங்கே அது 'ஸ்வார்ட்ஃபிஷ்', வாள்மீன். உள்ளே பராவெல்லி, வெளியே வாக்ஸ்டாஃப். ஒரு மீன் பெயர் என்று துப்பு கொடுக்கிறான் பராவெல்லி. இவர் ஒவ்வொரு மீனாகச் சொல்ல, அவன் ஒவ்வொன்றையும் வேறு சொல்லாகக் காதில் வாங்குகிறான். 'ஸ்டர்ஜன்' என்றால் அவனுக்கு 'சர்ஜன்', உடம்பை அறுக்கிற டாக்டர். 'ஹாடக்' என்றால் தலைவலி, 'ஹெட்ஏக்'. காளமேகத்தின் சிலேடையில் வளர்ந்த நமக்கு இது பெரிய வித்தையாகத் தெரியாது. அங்கே ஒரே பாட்டு பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்தவேண்டும், இங்கே பாதி ஒலி பொருந்தினால் போதும். மட்டமான சிலேடை என்றுகூடச் சொல்லலாம். சப்டைட்டில் போட்டுப் பார்த்தால் செத்தே போய்விடுகிறது. முதல் முறை பார்த்தபோது இந்தக் காட்சி எனக்கு எதற்கு இவ்வளவு புகழ் என்று விளங்கவில்லை.

இரண்டாவது முறைதான் உறைத்தது. விஷயம் சிலேடையில் இல்லை, கதவில் இருக்கிறது. படித்தவர், பட்டம் பெற்றவர், கல்லூரித் தலைவர் வெளியே நிற்கிறார். இத்தாலிக்காரன் மாதிரிப் பேசுகிற ஐஸ்காரன் உள்ளே நின்று தேர்வு வைக்கிறான். விடையையும் அவனே பாதி உளறிவிடுகிறான். இது நுழைவுத் தேர்வு! கல்லூரிக்குள் நுழையத் தேர்வே இல்லாத படத்தில் சாராயக் கடைக்குத் தேர்வு இருக்கிறது. கடைசியில் இருவருமே வெளியே மாட்டிக்கொள்கிறார்கள், ரகசியச் சொல்லை மாற்றியவனே அதை மறந்துவிடுகிறான். அப்போது வருகிறான் ஹார்ப்போ. பேசமாட்டான் இல்லையா. கோட்டுக்குள்ளிருந்து ஒரு மீனை எடுக்கிறான், அதன் வாயில் ஒரு வாளைச் செருகிக் காட்டுகிறான். கதவு திறந்துவிடுகிறது.

ஹார்ப்போவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், என் கணக்கில் இந்தப் படம் அவனுடையது. மற்றப் படங்களில் அவன் பெண்களைத் துரத்துவான், யாழ் வாசிப்பான், கத்தரிக்கோலால் எதையாவது வெட்டுவான். இதில் அவனுக்கு ஒரு கொள்கையே இருக்கிறது: சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வது. சீட்டாடுகிறவர்கள் கட்டை 'வெட்டச்' சொன்னால் கோடாலியால் வெட்டுகிறான். பத்திரத்துக்கு 'சீல்' வேண்டும் என்றால் உயிரோடு ஒரு கடல்நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறான் (ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்). மெழுகுவத்தியை இரண்டு முனையிலும் எரிக்க முடியாது, உடம்பு தாங்காது என்று கிரௌச்சோ உபதேசம் பண்ணினால், இரண்டு முனையிலும் எரிகிற மெழுகுவத்தி ஒன்றைக் கோட்டுக்குள்ளிருந்து எடுத்து நீட்டுகிறான். ஸ்காட்ச் வேண்டும் என்பதைச் சொல்ல ஸ்காட்லாந்து நடனம் ஆடுகிறான்.

தெருவில் ஒருவன் அவனிடம் ஒரு காபிக்குக் காசு கேட்கிறான். ஹார்ப்போ கையை உள்ளே விட்டு, ஆவி பறக்கிற காபிக் கோப்பையையே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். 1932ல் அந்தக் கேள்வியை நிஜத் தெருவில் கேட்காத அமெரிக்கன் இருந்திருக்கமாட்டான், நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லாத நிலையை நாடு நெருங்கிக்கொண்டிருந்தது. தியேட்டரில் சில்லறை கொடுத்து உட்கார்ந்திருந்தவர்கள் அந்தக் கோப்பையைப் பார்த்துச் சிரித்தபோது அது எந்த மாதிரிச் சிரிப்பாக இருந்திருக்கும்? படம் மொத்தத்திலும் ஒருவன் கேட்டது ஒருவனுக்குக் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான்.

அதே ஆள்தான் வாக்ஸ்டாஃபின் அறையில் மண்வாரியால் புத்தகங்களை அள்ளி அள்ளிக் கணப்புக்குள் போடுகிறான், கரி போடுவதுபோல. கல்லூரித் தலைவர் தடுக்கவில்லை. அடுத்த வருடம் மே மாதம் பெர்லினில் என்ன எரிந்தது என்று தெரிந்த நமக்கு அங்கே சிரிப்பு பாதியில் நின்றுவிடும். எடுத்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அதை வைத்துப் படத்தை உயர்த்தவும் வேண்டாம், குறைசொல்லவும் வேண்டாம். ஆனால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தப் படத்தின் சாரம் என்று ஒரே ஒரு காட்சியைக் காட்டச் சொன்னால் நான் காட்டுவது யாரும் அதிகம் பேசாத ஒன்று. சாராயக் கடையில் பராவெல்லிக்கு ஆர்டர் வருகிறது: ஒரு பாட்டில் ஸ்காட்ச், ஒரு பாட்டில் ரை. இரண்டு பாட்டில் எடுக்கிறான், ஒரே ஜாடியிலிருந்து இரண்டையும் நிரப்புகிறான். அவ்வளவுதான், காமிரா அதை அழுத்திக்கூடக் காட்டாது. ஹக்ஸ்லி, டார்வின் என்று இரண்டு லேபிள். இரண்டு அணியும் ஒரே கடையிலிருந்துதான் ஆள் எடுக்கின்றன.

இனிக் குறைகள். நிறையவே உண்டு.

முதலாவது கோனி. 'காலேஜ் விடோ' என்று அவளைச் சொல்கிறார்கள். விதவை என்றால் புருஷன் செத்தவள் இல்லை. கல்லூரி ஊரிலேயே இருந்துகொண்டு, வருடா வருடம் வந்துபோகிற மாணவர்களோடு பழகுகிறவள், அவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பியதும் 'விதவை' ஆகிறவள். ஜார்ஜ் ஏட் 1904ல் இதே பெயரில் நாடகம் எழுதியிருக்கிறார், அந்தக் காலத்தில் எல்லோருக்கும் புரிகிற சொல். தெல்மா டாட் மாதிரி நேரம் தவறாத நகைச்சுவை நடிகையைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கு சகோதரர்களும் அவள் வீட்டுக்குள் ஒரு கதவில் நுழைந்து இன்னொரு கதவில் வெளியேறும் காட்சியில் அவளை சோபா மாதிரிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். முடிவில் மூன்று பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் அவளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அவள்மேல் பாய்கிறார்கள். அபத்தம் என்று நினைத்துத்தான் வைத்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தில் எல்லோரும் விலைபோகிறார்கள், ஆனால் வெட்கப்படவேண்டியவளாக வைத்திருப்பது அவளை மட்டும்தான். விற்ற ஆட்டக்காரர்களுக்கும் வாங்கிய தலைவருக்கும் அந்தச் சுமை இல்லை.

அந்த வீட்டுக் காட்சியை இன்று முழுசாகப் பார்க்கவும் முடியாது. 1934 ஜூலையில் தணிக்கை விதி இறுகிய பிறகு பழைய படங்களை மறுபடி வெளியிட்டபோது வெட்டித் தள்ளினார்கள். மிஞ்சிய பிரதியில் அந்த இடம் தட்டுத் தடுமாறி ஓடுகிறது. வசனம் பாதியில் அறுகிறது, ஆள் இருந்த இடம் மாறிவிடுகிறது. 2016ல் வந்த ப்ளூ-ரேயிலும் அதே கதிதான். வெட்டப்பட்டதில் கோனி இன்னும் நன்றாக வந்திருப்பாளோ என்று ஒரு ஆசை இருக்கிறது. ஆசைதான்.

ஆனால் படகுக் காட்சியை அவளுக்காகவே பார்க்கலாம். வாக்ஸ்டாஃப் சும்மா சாய்ந்துகொண்டு கிதார் வாசிக்கிறார், துடுப்பு போடுவது கோனி. நான்கு பேரும் ஒரே பாட்டைத்தான் இவளிடம் வெவ்வேறு நேரத்தில் கொண்டுவருகிறார்கள், பாடுகிற ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வரிகள். ஸெப்போ நிஜமாகவே காதலோடு பாடுகிறார், சிக்கோ பியானோவில், ஹார்ப்போ யாழில், கிரௌச்சோ காதலின்மேலேயே நம்பிக்கை இல்லாமல். அவள் குழந்தை மாதிரி மழலை பேசிச் சங்கேதத்தைக் கேட்கிறாள். கிரௌச்சோ அதைவிட மோசமான மழலையில் பதில் சொல்கிறார். அவர் தண்ணீரில் விழுந்து உயிர்காக்கும் மிதவை கேட்டுக் கத்த, 'லைஃப் சேவர்ஸ்' என்ற பெப்பர்மிண்ட் மிட்டாயை எடுத்து வீசுகிறாள். முந்தைய வருடம் இதே பாரமவுண்ட் கம்பெனி 'அன் அமெரிக்கன் டிராஜடி' எடுத்திருந்தது. அதில் படகிலிருந்து விழுந்து சாவது பெண். இங்கே ஆளை மாற்றிவிட்டார்கள். அவள் கை ஓங்கி நிற்பது அந்த ஒரு நிமிடம்தான்.

இரண்டாவது குறை, பலர் திட்டுவார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன்: கடைசிக் கால்பந்துப் போட்டி. இதைத்தான் எல்லா 'சிறந்த' பட்டியலிலும் போடுகிறார்கள். அமெரிக்கக் கால்பந்தில் கால் படுவது அபூர்வம், பந்தை அணைத்துக்கொண்டு எதிராளியின் கோட்டைக் கடந்துவிட்டால் 'டச் டவுன்' என்று தெரிந்தால் போதும், காட்சி புரிந்துவிடும். வாழைப்பழத் தோலை வீசி எதிரியை வழுக்கவிடுகிறான் ஹார்ப்போ. பந்தில் எலாஸ்டிக் கட்டுகிறான். முடிவில் குப்பை வண்டியைக் குதிரையோடு ஓட்டிக்கொண்டு, ரோமானிய ரதம் மாதிரி, நால்வரும் மைதானத்துக்குள் வருகிறார்கள். இதோ நம் குதிரை. பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோட்டுக்கு அப்பால் வைத்து எண்ணிக்கையை ஏற்றுகிறார்கள். அந்தக் குப்பை வண்டியில் நால்வரும் நிற்கும் படம்தான் 1932 ஆகஸ்டில் டைம் பத்திரிகையின் அட்டையில் வந்தது. வேடிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் எனக்கு அலுத்துவிடுகிறது, ஹரால்ட் லாய்ட் 1925லேயே 'தி ஃப்ரெஷ்மன்' படத்தில் இதைவிட இறுக்கமாக ஒரு மேட்ச் எடுத்துவிட்டார். அங்கே அந்தப் பையன் ஜெயிப்பானா என்று நாம் பதறுவோம். இங்கே பதற யாருமில்லை. ஏமாற்றித்தான் ஜெயிக்கிறார்கள் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஏமாற்றுவதற்கு நடுவர்கள் பக்கம் ஒரு எதிர்ப்பாவது இருந்திருக்கவேண்டும்.

அந்தக் காட்சியில் என்னை இழுப்பது வேறு. படப்பிடிப்பு நடக்கும்போது சிக்கோ ஒரு கார் விபத்தில் சிக்கி முழங்கால் எலும்பும் விலா எலும்பும் முறிந்து, பல வாரங்கள் வேலை நின்றது. திரும்பி வந்தவரால் ஓட முடியவில்லை. மேட்சில் தூரத்துக் காட்சிகளில் ஓடுவது மாற்று ஆள், அருகில் வரும்போது அவர் பெரும்பாலும் நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருப்பார். எதிர் அணியில் காசுக்கு ஆடுகிற இரண்டு முரடர்களாக வருபவர்களோ நிஜ ஆட்கள். நாட் பெண்டில்டன் 1920 ஒலிம்பிக்கில் மல்யுத்த வெள்ளி வாங்கியவர். ஜேம்ஸ் பியர்ஸ் இண்டியானா பல்கலைக்கழகத்தின் கால்பந்து நட்சத்திரம், மௌனப்படத்தில் டார்ஜானாகவும் நடித்தவர். அந்த உடம்புகளுக்கு நடுவே முழங்கால் உடைந்த ஒருவர். 1931 அக்டோபரில் யேல் பல்கலைக்கழகத்தோடு ஆடும்போது ராணுவக் கல்லூரி மாணவர் ஒருவர் கழுத்து எலும்பு முறிந்து இறந்துபோனார். அந்த ஆட்டத்தில் இளைஞர்கள் சாவது அப்போது புதிதல்ல. படத்துக்குள் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுவதில்லை. ஆனால் சிக்கோ நிற்கிற விதத்தில், ஒரு காலில் பாரத்தைப் போட்டு, உடம்பு என்று ஒன்று இருப்பது தெரிந்துவிடுகிறது.

இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் படத்தின் குற்றங்கள் இரண்டு: கல்லூரி ஆட்டக்காரருக்குக் காசு கொடுப்பது, கல்லூரி ஆட்டத்தின்மேல் பந்தயம் கட்டுவது. 2018 மே மாதம் அமெரிக்க உச்சநீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்த கூட்டாட்சிச் சட்டத்தை ரத்து செய்தது. இப்போது பெரும்பாலான மாநிலங்களில் கைபேசியிலேயே கட்டலாம். 2021லிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் ஒரு வழக்குச் சமரசத்துக்கு நீதிபதி ஒப்புதல் கொடுத்ததில், ஒரு கல்லூரி முதல் வருடத்தில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பங்கிடலாம் என்றாகிவிட்டது.

எனக்கு இதில் வருத்தம் இல்லை. பத்தாயிரக்கணக்கானவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்க, பயிற்சியாளர் மாநிலத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியராக இருக்க, எலும்பை உடைத்துக்கொள்கிற பையனுக்கு மட்டும் 'நீ அமெச்சூர்' என்று நூறு வருடம் சொன்னார்களே, அதுதான் குதிரைச் சிறகு. காசு வாங்கியதை எழுதி வாங்கட்டும். ஆனால் படத்தை மறுபடி பார்க்கும்போது ஒரு சங்கடம். சாராயக் கடைக் கதவில் ஓட்டை வைத்து ரகசியச் சொல் கேட்டார்களே, அந்தக் கதவு இருந்ததால்தான் ஜோக். ஜென்னிங்ஸ் இன்று விளம்பரத்தில் கோட்டு சூட்டோடு வருவான், மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் ஓரத்தில் அவன் கொடுக்கும் விகிதம் ஓடும். வாக்ஸ்டாஃபுக்குத் தனி வங்கிக் கணக்கும் ஒரு குழுவும் இருக்கும். பேராசிரியர்கள் இன்னும் தாடியோடு பின்னால் ஆடிக்கொண்டிருப்பார்களோ?

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நடுவில் சிக்கோ பியானோ வாசிக்க உட்கார்வார், அப்போது கிரௌச்சோ நேரே காமிராவிடம் வந்து, நான் இங்கே இருந்துதான் ஆகவேண்டும், நீங்களாவது இது முடிகிறவரை வெளியே போய் நின்றுவிட்டு வரலாமே என்பார். போகாதீர்கள். சிக்கோவின் வலது கை ஆள்காட்டி விரலைப் பாருங்கள், துப்பாக்கி மாதிரி நீட்டி ஒவ்வொரு கட்டையாகச் சுடுவார். கால்பந்து மேட்ச் வரும்போது வேண்டுமானால் எழுந்து காபி போட்டுக்கொள்ளலாம். குப்பை வண்டி வருவதற்குள் திரும்பிவிடுங்கள்.